மூட்டையில் எதைக் கட்டுவது?

டீக்கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எங்கள் ஆபீஸில் ஸர்வர் மெதுவாக இருந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். ஒன்பதேகாலுக்கு லாகின் பண்ணிவிட்டு, திரையில் 'வெல்கம்' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்ததும், இருபது பேர் கும்பலாகக் கீழே இறங்கி வருவோம். "என்ன ஸார், இன்னிக்கும் சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே பாலை அடுப்பில் ஏற்றுவார். அந்த வட்டம் சுற்றியதில் அவர் இரண்டாவது கடை போட்டுவிட்டார் என்று ஒரு வதந்தி உண்டு.

"ஆபீஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் என்னுடைய டெஸ்க்டாப் அப்படியே வருகிறது. ஆனால் வருவதற்குள் எனக்கு நரைத்துவிடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் பி.காம். இன்ஜினீயர் இல்லை. என்றாலும் இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் வெட்கக்கேடானது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

* * *

என் முதல் வேலை அண்ணா சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில், அக்கவுண்ட்ஸ் பிரிவில். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் 40, ஆட்கள் 60. இரண்டு ஷிஃப்ட். ஆகவே யாருக்கும் நிரந்தர சீட் கிடையாது. முனிசிபல் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி, முதலில் வந்தவனுக்கு ஃபேனுக்குக் கீழே இடம்.

இந்த மாதிரி இடங்களுக்காகவே ஏற்பட்டது 'ரோமிங் ப்ரொஃபைல்'. உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் பைல்கள், வால்பேப்பரில் சிரிக்கும் நடிகை, எக்ஸெல்லில் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த பட்டன்கள், ஈமெயிலுக்குக் கீழே வரும் கையெழுத்து, ப்ரௌஸரில் குறித்து வைத்த முகவரிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ப்ரொஃபைல். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் இருபது ஃபோல்டர். கூடவே 'என்டியூஸர் டாட் டேட்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பைல். உங்கள் விருப்பு வெறுப்பு எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும், ஜாதகம் மாதிரி.

சாதாரணமாக இந்த ஃபோல்டர் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ரோமிங் என்றால், அசல் பிரதி ஸர்வரில் இருக்கும். காலையில் லாகின் பண்ணும்போது ஸர்வரிலிருந்து நீங்கள் உட்கார்ந்த கம்ப்யூட்டருக்குக் காப்பியாகி வரும். மாலையில் லாக் ஆஃப் பண்ணும்போது, மாறியதெல்லாம் திரும்ப ஸர்வருக்குப் போகும். 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-விலேயே இந்த ஏற்பாடு இருந்தது. புதுசு இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறும் பையனுக்கு அம்மா ஒரு மூட்டை கட்டிக் கொடுப்பாள். முறுக்கு, பருப்புப் பொடி, தலைக்கு எண்ணெய், ரெண்டு தேங்காய். சரி. அதே பையன் தினமும் காலையில் ஊரிலிருந்து கிளம்பி, சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால்? தினமும் அதே மூட்டையைச் சுமந்து, இறக்கி, மறுபடி கட்டி, மறுபடி சுமந்து... அப்புறம் அம்மா சும்மா இருப்பாளா? "அந்த அம்மிக்கல்லையும் ஒரு ஓரமா வெச்சுக்கோடா" என்பாள்.

ரோமிங் ப்ரொஃபைல் என்பது இதுதான். காலை ஒன்பதேகாலுக்குச் சுற்றும் அந்த வட்டம், அம்மிக்கல் பஸ்ஸில் ஏறும் சத்தம்.

* * *

எங்கள் ஆபீஸில் அம்மிக்கல் ஏறியதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் பி.காமுக்குக் கை துறுதுறுக்கும்.

ஸர்வரிலிருந்து வரும் கேபிளின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே, எல்லாம் ஒழுங்காக இருந்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒவ்வொருவர் மூட்டையும் சராசரி 400 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்டில் 40 பேர். 400-ஐ 40-ஆல் பெருக்கினால் 16,000. அதை 12.5-ஆல் வகுத்தால் 1,280 விநாடி. இருபத்தொரு நிமிஷம், இருபது விநாடி. இதுவும் ஏட்டுச் சுரைக்காய்க் கணக்கு. பொடிப் பொடிப் பைல்களாக ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் மெதுவாகும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்குவது சுலபம். அதே அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போவது கஷ்டம்.

ஒரே கம்ப்யூட்டரில் தினமும் உட்கார்ந்தால் இவ்வளவு கஷ்டமில்லை. நேற்றைய பிரதி அங்கேயே இருக்கும். மாறியதை மட்டும் கொண்டுவந்தால் போதும். ஆனால் எங்கள் ஆபீஸில் 60 பேரின் பிரதிகளும் 40 கம்ப்யூட்டரிலும் சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. அதனால் 'லாக் ஆஃப் ஆனதும் உள்ளூர்ப் பிரதியை அழித்துவிடு' என்று ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். தினமும் காலையில் முழு மூட்டையும் புதிதாக வர வேண்டும்.

இந்தக் கட்டளையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பிறகு வரும்.

* * *

எங்கள் சிஸ்டம் அட்மின் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. பொறுமைசாலி. பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருகிறவனைக்கூடத் திட்ட மாட்டார். "மனுஷன் பொண்டாட்டி பேரையே மறந்துட்டு நிக்கான், இது என்னவே பெரிசு" என்பார்.

2014 மார்ச். வருஷக் கடைசி. மேனேஜருக்கு வட்டம் சுற்றுவது பொறுக்கவில்லை. "எதாவது பண்ணுங்க அண்ணாச்சி" என்று உத்தரவு. கூட ஒத்தாசைக்கு, 'கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவன்' என்ற ஹோதாவில் என்னையும் அனுப்பினார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றால், பிரின்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் எடுக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம்.

ஸர்வரில் ஒவ்வொருவர் மூட்டையாகத் திறந்து எடை பார்த்தோம். வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய பொருட்காட்சி அது. ஒருவர் டெஸ்க்டாப்பில் முழுப் படம், இடைவேளை வரை ஒரு பைல், இடைவேளைக்குப் பின் ஒரு பைல். இன்னொருவர் மச்சினி கல்யாண ஆல்பம். எல்லாரையும் அதட்டி வேலை வாங்கும் ஒரு சூப்பர்வைஸரின் ஃபோல்டரில் 63 சுப்ரபாதம். எல்லாமே தினமும் காலையில் ஸர்வரிலிருந்து புறப்பட்டு, சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி எனக்கு மூன்று வைத்தியம் சொன்னார். இன்றைக்கும் இவை மூன்றுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வைத்தியம், விலக்கு. ரோமிங்கில் எந்தெந்த ஃபோல்டர் பயணம் போகக்கூடாது என்று க்ரூப் பாலிசியில் ஒரு பட்டியல் கொடுக்கலாம். ஃபோல்டர் பெயர்களை எழுதி, நடுவில் அரைப்புள்ளி போட வேண்டும். அவ்வளவுதான். விண்டோஸே சிலவற்றைத் தானாக விலக்கி வைத்திருக்கிறது. விஸ்டாவிலிருந்து 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் 'ரோமிங்', 'லோக்கல்', 'லோக்கல்லோ' என்று மூன்று அறை உண்டு. ரோமிங் மட்டும் கூட வரும். மற்ற இரண்டும் வராது. ப்ரௌஸர் சேர்த்து வைக்கும் குப்பை, தற்காலிகப் பைல் எல்லாம் லோக்கலில் விழும்படி பார்த்துக்கொள்வது ப்ரோக்ராம் எழுதுகிறவனின் தர்மம். எல்லாரும் தர்மவான்கள் இல்லை என்பதால்தான் பட்டியல் தேவைப்படுகிறது.

இரண்டாவது, இடமாற்றம். ஃபோல்டர் ரீடைரக்ஷன். விண்டோஸ் 2000-த்தில் வந்தது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது போலத் தெரியும். ஆனால் நிஜத்தில் ஸர்வரில் இருக்கும். எதுவும் பயணம் போகாது. வேண்டிய பைலைத் திறக்கும்போது அது மட்டும் கேபிளில் வரும். அம்மிக்கல் ஊரிலேயே இருக்கிறது. சட்னி மட்டும் டப்பாவில் வருகிறது. விண்டோஸ் 2000-த்தில் டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ் என்று ஒரு சிலவற்றைத்தான் இப்படி மாற்ற முடிந்தது. விண்டோஸ் 7-ல் டவுன்லோட்ஸ் உள்பட 13 ஃபோல்டர்.

மூன்றாவது, அளவு. ப்ரொஃபைல் இத்தனை மெகாபைட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டுவது. இது ரேஷன் கடை முறை. கோபம்தான் வரும், காரியம் ஆகாது.

"இதுல ரெண்டாவதுதான் உத்தமம். ஆனா அதுக்கு ஸர்வர்ல டிஸ்க் வேணும், பேக்கப் வேணும், ஒரு வாரம் டயம் வேணும். இப்ப மார்ச் மாசம். விலக்குப் பட்டியல் போட்டு ஓட்டுவோம். என்னென்ன ஃபோல்டர் வேண்டாம்னு நீரே எழுதிக் குடும்" என்றார்.

எழுதினேன். ஒரு பழைய வவுச்சரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில். மியூஸிக், வீடியோஸ், பிக்சர்ஸ். நான்காவதாக, 'டவுன்லோட்ஸ்'.

"இதுல ஒண்ணும் இருக்காதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எல்லாம் குப்பை அண்ணாச்சி. சினிமாப் பாட்டும் ரயில் டிக்கெட்டும்தான்" என்றேன். எனக்கு அப்போது வயது 24. அந்த வயதில் மற்றவர்கள் வைத்திருப்பதெல்லாம் குப்பையாகத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, மார்ச் 25. பட்டியல் அமலுக்கு வந்தது. புதன்கிழமை காலை வட்டம் நான்கே நிமிஷத்தில் நின்றது. மேனேஜர் என் முதுகில் தட்டினார். டீக்கடைக்காரர்தான் பாவம், பாலை ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

* * *

எங்கள் பிரிவில் ஒரு சீனியர் இருந்தார். எல்லாருக்கும் 'பெரிய ஸார்'. 31 வருஷ சர்வீஸ். லெட்ஜர் புத்தகத்தில் ஆரம்பித்து எக்ஸெல்லில் முடித்தவர். அந்த மார்ச் 31-ம் தேதிதான் அவருக்கு ரிடையர்மென்ட். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, கேசரி சாப்பிட எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது.

அவருடைய கடைசி வேலை, வருஷக் கடைசி பாங்க் ரிகன்ஸிலியேஷன். தெரியாதவர்களுக்கு: நம் புத்தகத்தில் இருக்கும் பாங்க் பாலன்ஸும், பாங்க் சொல்லும் பாலன்ஸும் என்றைக்கும் ஒத்துப்போகாது. நாம் கொடுத்த செக்கை வாங்கினவர் இன்னும் பாங்கில் போட்டிருக்க மாட்டார். பாங்க் எடுத்துக்கொண்ட சார்ஜ் நமக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொன்றாகத் தேடி வித்தியாசத்தைப் பொருத்த வேண்டும். கம்பெனிக்கு ஒன்பது அக்கவுண்ட். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் நிமிராமல் பண்ணினார்.

எங்கே பண்ணினார்? பாங்க் வெப்ஸைட்டிலிருந்து ஸ்டேட்மென்டை இறக்குவார். அது தானாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். அங்கேயே டபுள் க்ளிக் பண்ணித் திறப்பார். அதிலேயே பக்கத்துப் பத்தியில் வேலையைச் செய்வார். ஸேவ் பண்ணுவார். ஸேவ் பண்ணினால் அதே இடத்தில்தானே இருக்கும்? அவர் டாக்குமென்ட்ஸ் பக்கமே போனதில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான். அதில் ஒரு தப்பும் இல்லை. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை வரை டவுன்லோட்ஸும் மூட்டையில் கட்டப்பட்டு, தினமும் ஸர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. லாக் ஆஃப் பண்ண மாட்டார். திரையைப் பூட்டிவிட்டுப் போவார். சீனியர் என்பதால் அவருடைய மூலை சீட்டில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. ஆக, புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் அவர் பைல்கள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி ஒவ்வொரு சீட்டாக வந்தார். சனி ஞாயிறில் யு.பி.எஸ். பாட்டரி மாற்றப் போகிறார்கள். "எல்லாரும் மறக்காம லாக் ஆஃப் பண்ணிட்டுப் போங்க. கரன்ட் கட்டானா பைல் போயிரும்."

பெரிய ஸார் ஒழுங்கானவர். சொன்னால் கேட்பவர். லாக் ஆஃப் பண்ணினார்.

இப்போது அந்தக் கட்டளையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். டவுன்லோட்ஸ் ஸர்வருக்குப் போகாது. அது நான் எழுதிய பட்டியல். லாக் ஆஃப் ஆனதும் உள்ளூர்ப் பிரதி அழிக்கப்படும். அது பழைய கட்டளை. இரண்டும் தனித்தனியாக நல்ல பிள்ளைகள். ஒன்று சேர்ந்தபோது, மூன்று நாள் வேலை அரை நிமிஷத்தில் காற்றோடு போயிற்று. ரீஸைக்கிள் பின்னுக்குக்கூட வராது. ப்ரொஃபைல் பிரதியே அழிந்துபோகிறபோது குப்பைக்கூடைக்கு ஏது வழி?

மற்றவர்களும் செவ்வாயிலிருந்து இழந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் போனதெல்லாம் பாட்டும் படமும். 'ஆபீஸ் ஸர்வரில் வைத்திருந்த என் சினிமாவைக் காணோம்' என்று எவன் கம்ப்ளெயின்ட் கொடுப்பான்? அந்த மௌனத்தில் எங்களுக்கு விஷயமே தெரியவில்லை.

* * *

திங்கள், மார்ச் 31. காலை ஒன்பதேகால். பெரிய ஸார் லாகின் பண்ணினார். நாலே நிமிஷத்தில் டெஸ்க்டாப் வந்தது. டவுன்லோட்ஸைத் திறந்தார். சுத்தமாக இருந்தது, பெருக்கி மெழுகின மாதிரி.

அண்ணாச்சி மீட்பு ஸாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தார். மூன்று பைல் கிடைத்தது. மூன்றையும் எக்ஸெல் திறக்க மறுத்தது. பேக்கப் டேப்பில் தேடினார். போன வாரத்துப் பிரதி இருந்தது. இந்த மூன்று நாள் வேலை அதில் எப்படி இருக்கும்?

பதினொரு மணிக்கு மேனேஜர் ரூமில் கதவைச் சாத்தாமல் பேசினார்கள். "வேலையே பண்ணாம, பைல் போயிடுச்சுன்னு சொல்றாரோ? ரிடையர் ஆகப்போற மனுஷன்..." என்று ஒரு குரல். வெளியில் பெரிய ஸார் உட்கார்ந்திருந்தார். 31 வருஷத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

அண்ணாச்சி உள்ளே போய், "தப்பு என் பேர்லதான் ஸார். பட்டியல் நான்தான் போட்டேன்" என்றார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. ஸாதாரணக் கொழுக்கட்டை இல்லை. பெரிய சைஸ்.

மாலை போட்டார்கள். கடிகாரம் கொடுத்தார்கள். யாருக்கும் கேசரி இறங்கவில்லை. ஆறு மணிக்கு எல்லாரும் போனதும், பெரிய ஸார் மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மேஜையின் கீழ் டிராயரைத் திறந்தார். ஒன்பது அக்கவுண்ட் ஸ்டேட்மென்டும் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் டிக். ஒத்துப்போகாததற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம், செக் நம்பர், ஒரு குறிப்பு. லெட்ஜர் காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டரை அவர் நம்பினார், முழுக்க நம்பவில்லை.

"தம்பி, நீ வாசி. நான் அடிக்கறேன்" என்றார்.

நான் வாசித்தேன். அவர் அடித்தார். மூன்று நாள் வேலை ஏழு மணி நேரத்தில் முடிந்தது. தேடுகிற வேலைதான் முன்பே ஆகிவிட்டதே. ராத்திரி ஒரு மணிக்கு ஒன்பதாவது அக்கவுண்ட் பைசா சுத்தமாகப் பொருந்தியது. ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஸார், அந்தப் பட்டியல்ல டவுன்லோட்ஸ் எழுதினது அண்ணாச்சி இல்ல. நான்."

"தெரியும்ப்பா" என்றார். "வவுச்சர் பின்னால எழுதி அண்ணாச்சி மேஜையில கெடந்துது. மூணு வருஷமா உன் வவுச்சரைப் பாஸ் பண்றேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார்: "எழுதினது தப்பில்ல. எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து, 'ஸார், நீங்க பைலை எங்க வைக்கறீங்க?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

காலையில் மேனேஜர் வந்ததும் ரூமுக்குள் போய் உண்மையைச் சொன்னேன். மெமோ கிடைத்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், டவுன்லோட்ஸில் இல்லை.

* * *

ஏப்ரலில் அண்ணாச்சி தான் முதலில் சொன்ன இரண்டாவது வைத்தியத்தையே செய்தார். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஸர்வருக்கு இடமாற்றம். தினமும் ராத்திரி பேக்கப். மூட்டை 400 மெகாபைட்டிலிருந்து முப்பதுக்கு இறங்கியது. டவுன்லோட்ஸ் விலக்குப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு மேஜையாகப் போய், 'இங்கே வைத்தது சாயங்காலம் இருக்காது' என்று சொல்லிவிட்டு வந்தோம். சொன்னவன் நான். தண்டனை.

இப்போது காலம் மாறிவிட்டதே, எல்லாம் க்ளவுட் ஆயிற்றே என்பீர்கள். மாறவில்லை ஸார். பெயர்தான் மாறியிருக்கிறது. இன்றைக்கு நிறைய ஆபீஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்கு நகர்த்திவிடுகிறார்கள். டவுன்லோட்ஸ்? அந்த மூன்றில் அது இல்லை. பழைய கதைதான். வேறு சில இடங்களில் முழு ப்ரொஃபைலையும் ஒரே டப்பாவாக ஸர்வரில் வைத்து, லாகின் ஆகும்போது ஒரு டிஸ்க் மாதிரி மாட்டிவிடுகிறார்கள். எஃப்.எஸ்.லாஜிக்ஸ் என்று பெயர். 2018-ல் மைக்ரோஸாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. இதில் மூட்டை பயணம் போவதில்லை. ஆனால் டப்பா பெருத்துக்கொண்டே போகும். அதற்கும் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதிலும் யாரோ ஒருவன், 24 வயதில், எதையாவது எழுதிக்கொண்டிருப்பான்.

பழைய ரோமிங் முறையே இன்னும் இருக்கும் ஆபீஸ்களில் இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் மாறும்போது மூட்டையும் மாறும். ஸர்வரில் ஃபோல்டர் பெயரின் வாலில் விண்டோஸ் 7-க்கு 'வி2', 8-க்கு 'வி3', 8.1-க்கு 'வி4', 10 வந்த புதிதில் 'வி5', பிறகு 'வி6' என்று சேரும். பழைய மூட்டை புது விண்டோஸுக்குத் தானாக வராது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. உங்கள் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தால், 'என் பைலெல்லாம் போச்சே' என்று அலறுவதற்கு முன் அட்மினிடம் இந்த வாலைப் பற்றி விசாரிக்கவும்.

வாசகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான்கே யோசனை:

1. டெஸ்க்டாப்பில் பைலை வைக்காதீர்கள், ஷார்ட்கட்டை வையுங்கள். ஷார்ட்கட் ஒரு விசிட்டிங் கார்டு; பைல் ஆளே நேரில் வருவது.

2. டவுன்லோட்ஸ் என்பது திண்ணை. வந்தவரை உட்கார வைக்கலாம்; குடித்தனம் வைக்கக்கூடாது. வேலை செய்யப்போகும் பைலை முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு திறக்கவும்.

3. அட்மினிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த ஃபோல்டர் என்கூட வரும், எது இங்கேயே கிடக்கும், எது அழிந்துபோகும்?' மூன்றாவது பாகத்தை விட்டுவிடாதீர்கள்.

4. க்ளவுட் என்பது பேக்கப் இல்லை. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஆபீஸ் ஒன்டிரைவ் குப்பைக்கூடையில் சாதாரணமாக 93 நாள் இருக்கும். 94-ம் நாள் நீங்கள் தேட ஆரம்பிப்பீர்கள். அனுபவம்.

அட்மினாக இருப்பவர்களுக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டியலில் பெயர் எழுதுவதற்கு முன், உங்கள் ஆபீஸ் பெரிய ஸார் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பத்து நிமிஷம் பாருங்கள். அவ்வளவுதான்.

போன மாதம் பெரிய ஸார் போன் பண்ணினார். வயது எழுபதை நெருங்குகிறது. பேரன் புது செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்கிறானாம்.

"தம்பி, பழசை அவன் கையில குடுக்கறதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இதுல எதெது கூட வரும், எதெது இங்கேயே நின்னுடும்?"

பன்னிரண்டு ரிட்டயர்டு மாமாக்களுக்குச் செல்போன் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"பிரின்ட் எடுத்து வெச்சிருக்கீங்களா ஸார்?" என்றேன்.

"நம்பர் எல்லாம் டைரியில பென்சில்ல எழுதியாச்சு" என்றார்.